வேலை செய்கிறது, ஆனால் கட்டுப்படி ஆகாது

சென்ற மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல் மாட்டினார்கள். மாப்பிள்ளையின் ஏற்பாடு. ஆறு தகடுகள், சுவரில் ஒரு பெட்டி, கொஞ்சம் ஒயர். இரண்டே நாளில் வேலை முடிந்துவிட்டது. தெருவில் போகிற தெரிந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எவ்வளவு ஆச்சு? போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பும்?" அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சு அரசாங்கமும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் இதையேதான் கேட்டது. அந்த வாத்தியாரின் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

அவர் பெயர் ஒகுஸ்தேன் மூஷோ. பிரெஞ்சில் படித்த நமக்கு தெனி பாப்பேன், பாஸ்தேர், கியூரி தம்பதி எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மூஷோவின் பெயரை எங்கள் வகுப்பில் ஒரு முசேவும் சொன்னதில்லை. எனக்கே அவர் அறிமுகமானது சமீபத்தில்தான். 2022-இல் மிகெல் பொன்ஃபுவா என்ற எழுத்தாளர் இவரை வைத்து 'லேன்வாந்தேர்', அதாவது 'கண்டுபிடிப்பாளர்' என்று ஒரு நாவல் எழுதினார். பிரான்சில் இருக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்து போட்டாள். நாவலில் கற்பனை எது, நடந்தது எது என்று பிரித்துப் பார்க்கும் ஆசையில் தேடித் தேடிப் படித்ததுதான் கீழே இருப்பது.

மூஷோ 1825-இல் பர்கண்டிப் பக்கம் செமூர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பூட்டுச் செய்பவர். மகன் கணக்கும் பௌதிகமும் சொல்லித் தரும் ஆசிரியரானார். அலான்சோன் ஊரில் வேலை பார்த்தபோது, 1860 வாக்கில், வெயிலை வைத்துத் தண்ணீர் கொதிக்க வைக்க முடியுமா என்று சோதனை செய்ய ஆரம்பித்தார். மறு வருஷமே காப்புரிமை வாங்கினார்.

அந்த எண்ணம் ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது நீராவியின் காலம். நீராவிக்கு நிலக்கரி வேண்டும். பிரான்சில் இங்கிலாந்து அளவுக்கு நிலக்கரி இல்லை. இப்படியே தோண்டிக்கொண்டு போனால் ஒரு நாள் தீர்ந்து போகும், அப்போது தொழிற்சாலை எல்லாம் என்ன செய்யும் என்ற கவலை அவருக்கு அப்போதே இருந்தது. நம் காலத்தில் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். அன்று சிரித்திருப்பார்கள்.

அவருடைய கருவி பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இரண்டு பழைய விஷயங்களைச் சேர்த்தார். ஒன்று, கறுப்புப் பொருள் வெயிலை உறிஞ்சும். அதன்மேல் கண்ணாடியைக் கவிழ்த்தால் உள்ளே வந்த சூடு சுலபமாக வெளியேறாது. பூட்டி வைத்த காரில் ஏறும்போது முகத்தில் அடிக்கிறதே, அந்தச் சூடுதான். ஸ்விட்சர்லாந்தின் சொசூர் என்ற அறிஞர் நூறு வருஷம் முன்பே கண்ணாடி மூடிய பெட்டியில் இதைச் சோதித்திருந்தார். இரண்டாவது, பளபளப்பான தகடு வெயிலை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். மூஷோ விளக்கின் மேல்மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி, வாய் அகன்ற ஒரு கூம்பு செய்தார். உள்பக்கம் வெள்ளி பூசிய தகடு. நடுவில் கறுப்படித்த செம்புக் கொதிகலன் நிற்கும். அதன்மேல் மணி மாதிரி ஒரு கண்ணாடி. கூம்பின் எந்தப் பக்கத்தில் வெயில் பட்டாலும் அது நடுக் கொதிகலன்மேல் போய் விழும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறதல்லவா, அதற்கேற்ப கைப்பிடியைச் சுற்றிக் கூம்பையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்றைக்கு ராஜஸ்தானிலும் ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் இருக்கும் சூரிய அனல் மின்நிலையங்கள் எல்லாம் அடிப்படையில் இதுதான். வெயிலைக் குவி, சூட்டைப் பிடி, நீராவி செய், இயந்திரத்தைச் சுற்று. நீராவிக்கு அப்புறம் நடப்பது நெய்வேலியில் நடப்பதேதான். அடுப்பு மட்டும் வேறு.

1866-இல் மன்னர் மூன்றாம் நெப்போலியனுக்கே ஒரு கருவியைக் காட்டினார். 1869-இல் சூரிய வெப்பமும் அதன் தொழிற்பயன்களும் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தத் துறைக்கு அதுதான் முதல் புத்தகம் என்று சொல்லலாம். அடுத்த வருஷமே பிரஷ்யாவோடு யுத்தம். மன்னர் பிடிபட்டார், ஆட்சி போயிற்று, பாரிஸ் முற்றுகையில் அவருடைய கருவியும் காணாமல் போயிற்று. ஆதரவு கொடுத்த அதிகாரி மாற்றலாகிப் போனால் ஃபைல் என்ன ஆகும் என்று ஆபீசில் இருந்தவர்களுக்குத் தெரியும். இங்கே ராஜாவே போய்விட்டார்.

ஆனாலும் மனுஷன் விடவில்லை. தூர் நகரத்து லிசேவில் பாடம் நடத்திக்கொண்டே, மாவட்ட மன்றம் கொடுத்த உதவித் தொகையில் இன்னொன்று கட்டினார். வாய் 2.6 மீட்டர் அகலம். நல்ல வெயிலில் மணிக்கு 5 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கியது. நூலகத்து முற்றத்தில் வைத்துக் காட்டினார். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. 1875-இல் பாரிஸ் அறிவியல் அகாதெமியின் முன் விவரம் வைத்தார்.

அடுத்தது அல்ஜீரியா. அது நம்மைப் போலவே அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த தேசம். நிலக்கரி கிடையாது, கப்பலில் வர வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. அரசாங்கம் அவரை அங்கே அனுப்பி வைத்தது. லிசே வாத்தியாருக்கு விடுப்பும் பயணப்படியும் கொடுத்து அரசாங்கம் ஆராய்ச்சிக்கு அனுப்பியது என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

1878-இல் பாரிசில் உலகக் கண்காட்சி. அதற்காக அபேல் பிஃப்ர் என்ற இளம் பொறியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு பெரிய கருவி செய்தார். கண்ணாடிப் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். செப்டம்பர் மாதம், அவ்வளவு ஒன்றும் காய்ச்சலான வெயில் இல்லை. அந்த வெயிலில் நீராவி எழுப்பித் தண்ணீர் இறைத்தார். அத்தோடு விடவில்லை. ஃபெர்தினான் கர்ரே கண்டுபிடித்த குளிர்விக்கும் கருவியை அதோடு இணைத்து ஐஸ் கட்டி செய்து காட்டினார். அந்தக் கருவிக்குத் தேவை சூடுதான். சூட்டால் அம்மோனியாவைத் தண்ணீரிலிருந்து பிரித்து, மறுபடி அது ஆவியாகும்போது குளிரை உண்டாக்கும். சூடு விறகிலிருந்து வந்தால் என்ன, சூரியனிலிருந்து வந்தால் என்ன? ஆனால் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! வெயிலைக் காட்டி ஐஸ் எடுத்துக் கையில் கொடுக்கிறார். தங்கப் பதக்கம் கிடைத்தது.

இதே சமயம் நம் நாட்டிலும் ஒருவர் இதைச் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர். விஞ்ஞானி அல்ல, பம்பாயில் துணைப் பதிவாளராக இருந்தவர். அதாவது நம் ஆள், பேனா பிடித்தவர். மூஷோவின் வேலையைப் படித்துவிட்டு, இந்தக் கூம்பை ஓரளவுக்கு மேல் பெரிதாகச் செய்ய முடியாது, வெள்ளித் தகட்டைப் பளபளப்பாக வைத்திருப்பதும் கஷ்டம் என்று கண்டார். பித்தளைக் குத்துவிளக்கைக் கடற்கரை ஊரில் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்த நம் வீட்டுப் பெண்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். ஆடம்ஸ் சாதாரணத் தட்டைக் கண்ணாடிகள் 72-ஐச் சட்டத்தில் பொருத்தி, எல்லாவற்றின் ஒளியும் சற்றுத் தள்ளி நிற்கும் ஒரே கொதிகலன்மேல் விழும்படி திருப்பினார். தன் பங்களா வளாகத்தில் இரண்டரைக் குதிரைசக்தி நீராவிப் பம்பை இப்படி ஓட்டினார். 1878-இல் வெப்ப நாடுகளில் விறகுக்குப் பதில் சூரிய வெப்பம் என்று புத்தகமும் போட்டார். அவருடைய புத்தகத்தை இந்தியாவில் எந்த அதிகாரியாவது கையில் எடுத்திருப்பாரா, சந்தேகம்தான். நிறையத் தட்டைக் கண்ணாடி, நடுவில் ஒரே இலக்கு என்ற அவர் வழி எங்கே போய் நின்றது என்று பின்னால் சொல்கிறேன்.

மூஷோவுக்கு வருவோம். பதக்கம் கிடைத்தாயிற்று. அடுத்து அரசாங்கம் செய்வதைச் செய்தது. கமிஷன் போட்டது. ஒரே மாதிரியான இரண்டு கருவிகள். ஒன்று தென் பிரான்சில் மோன்பெலியே நகரத்தில், இன்னொன்று அல்ஜீரியாவில் கோன்ஸ்தாந்தீன் நகரத்தில். நாள் தவறாமல் எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர் ஆவியானது என்று எழுதி வைத்தார்கள். மோன்பெலியே சோதனையைக் கவனித்தவர் குரோவா என்ற பௌதிகப் பேராசிரியர். அவர்கள் முடிவின் சாரம் இதுதான்: கருவி வேலை செய்கிறது. ஆனால் நம்முடைய மிதமான தட்பவெப்பத்தில் சூரியன் தொடர்ந்து காய்வதில்லை, எனவே நடைமுறைக்கு உதவாது. வறண்ட வெப்ப நாடுகளில் பயன்படலாம். அது அங்கே எரிபொருள் கிடைப்பதையும் அதைக் கொண்டுபோகும் செலவையும் பொறுத்தது.

நியாயமான குறிப்பு. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மூஷோவைப் பற்றி எழுதுகிற பலர் கமிஷனை வில்லனாக்கி விடுகிறார்கள். 1860-இல் இங்கிலாந்தோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலக்கரி மலிவாக வந்து இறங்கியது. ரயில்பாதை ஊர் ஊராகப் போனது. வெள்ளி பூசிய கூம்பை ஒரு ஆள் நாள் முழுக்கத் திருப்பி, துடைத்து, மேகம் வந்தால் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வண்டி நிலக்கரி அந்த வேலையை ராத்திரியிலும் செய்யும். அன்றைய விலைக்கு அன்றைய கணக்கு சரி.

ஆனால் அறிக்கையின் முதல் பாதிதான் எல்லோருக்கும் ஞாபகம் நின்றது. வறண்ட நாடுகள் பற்றிய இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டு யாரும் மேலே நகரவில்லை. நிதி நின்றது. மூஷோ கணக்குக்கே திரும்பிப் போனார்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில், எந்தத் துறை என்பது வேண்டாம், நான் செலவினப் பிரிவில் இருந்தேன். ஒரு மாணவர் விடுதியின் சமையல்கட்டுக்குச் சூரிய வெந்நீர்க் கலன் வைக்கலாம் என்று ஒரு இளநிலைப் பொறியாளர் முன்மொழிவு அனுப்பியிருந்தார். கண்ணாடி மூடிய கறுப்புப் பெட்டி, உள்ளே குழாய், மேலே தொட்டி. காலையில் உலை வைக்கும்போது தண்ணீர் பாதிச் சூட்டோடு வந்துவிட்டால் விறகு குறையும் என்பது அவர் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை. விறகு ஒப்பந்தக்காரரின் அப்போதைய விலையை எடுத்தேன், பெருக்கினேன், கலன் விலையால் வகுத்தேன். போட்ட பணம் திரும்ப ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று வந்தது. "தொழில்நுட்ப ரீதியில் சாத்தியம். பொருளாதார ரீதியில் கட்டுப்படி ஆகாது. முடிக்கலாம்." நோட் ஆங்கிலத்தில், பொருள் இதுதான். மேலே மூன்று கையெழுத்து விழுந்தது, ஒருவரும் ஒரு சொல் சேர்க்கவில்லை.

அந்தப் பையன் நேரில் வந்தான். கோபப்படவில்லை. "சார், விறகு இதே விலையிலேயா இருக்கும்?" என்று மட்டும் கேட்டான். "அதெல்லாம் நம்ம யூகம் தம்பி, ஃபைல்ல யூகம் எழுத முடியாது" என்றேன். அன்று அது பெரிய சாமர்த்தியமான பதிலாக எனக்குத் தோன்றியது.

பிறகு ஒருமுறை ஸ்டாக் சரிபார்க்க அதே விடுதிக்குப் போனேன். விறகு நான் எழுதியதைவிட எவ்வளவோ ஏறியிருந்தது. அது போகட்டும். சமையல் ஆயா புகைக்குள்ளிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "ஐயா வந்திருக்காங்க, டீ போடட்டுமா?" என்று கேட்டார். என் நோட்டில் புகைக்கு ஒரு காலம் போட்டிருக்கவில்லை. போடச் சொல்லி எந்தப் படிவத்திலும் இல்லை. ஃபைலை முடிக்காமல் 'ஆறு மாதம் கழித்து மீண்டும் வைக்கவும்' என்று எழுதவும் வழி இருந்தது. அதற்குக் கூடுதலாக ஒரு வரிதான். எழுதவில்லை.

சரி, பாரிசுக்குப் போவோம். மூஷோ ஒதுங்கிய பிறகும் பிஃப்ர் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தார். 1882 ஆகஸ்ட் 6-ஆம் தேதி துய்லரி தோட்டத்தில் ஒரு விழா. மூன்றரை மீட்டர் அகலமுள்ள கண்ணாடியில் நீராவி எழுப்பி ஒரு அச்சு இயந்திரத்தை ஓட்டினார். 'சூரியப் பத்திரிகை' என்று பொருள்படும் 'சொலேய்-ழுர்னால்' என்ற தாளை மணிக்கு 500 பிரதி வீதம் அடித்து விநியோகித்தார்கள். அன்று வானம் அவ்வளவு சுத்தமாகக்கூட இல்லையாம். அதன் பிறகு பிஃப்ரும் லிஃப்ட் செய்யும் தொழிலுக்குப் போய்விட்டார். மூஷோ பாரிசிலேயே கடனும் வறுமையுமாக இருந்து 1912-இல் 87 வயதில் இறந்தார்.

அடுத்த வருஷமே, 1913-இல், எகிப்தில் கெய்ரோவுக்குப் பக்கத்து மாடி என்ற ஊரில் ஃபிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் 62 மீட்டர் நீளமான ஐந்து கண்ணாடித் தொட்டிகளை வரிசையாகப் போட்டு, நைல் நதித் தண்ணீரை வயலுக்கு இறைத்துக் காட்டினார். நிலக்கரி கப்பலில் வந்து இறங்க வேண்டிய வறண்ட நாடு. கமிஷனின் இரண்டாம் பாதி சொன்ன அதே இடம்! நன்றாகவே ஓடியது. 1914-இல் உலக யுத்தம் வந்தது. ஆட்கள் ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு பெட்ரோல். சூரியன் இன்னும் முப்பது வருஷம் அலமாரிக்குள் போனது.

அதை வெளியே எடுத்தவர் மறுபடியும் ஒரு பிரெஞ்சுக்காரர், ஃபெலிக்ஸ் துரோம்ப் என்ற வேதியியலாளர். இரண்டாம் யுத்தம் முடிந்தபோது ஜெர்மானியர்கள் விமானங்களைத் தேட வைத்திருந்த ஒளிவிளக்குகளின் பெரிய குழிக் கண்ணாடிகள் கிடந்தன. 1946-இல் அவற்றில் ஒன்றைச் சூரியனைப் பார்த்துத் திருப்பி, உலோகங்களையும் தாதுக்களையும் உருக்க ஆரம்பித்தார். 1949-இல் பிரனே மலையில் மோன்-லூயி என்ற ஊரில், வோபான் கட்டிய பழைய கோட்டைக்குள்ளேயே சூரிய உலை எழுந்தது. அதன் அண்ணன்தான் பக்கத்து ஒதெய்யோவில் அறுபதுகளில் கட்டிய பெரிய உலை.

ஒதெய்யோவை நான் பார்த்திருக்கிறேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மஞ்சள் ரயிலில் அழைத்துப் போனார்கள். மலைச்சரிவில் படிப்படியாக 63 பெரிய தட்டைக் கண்ணாடிகள். எதிரே ஒரு கட்டடத்தின் முகம் முழுவதும் குழிந்த கண்ணாடி, 40 மீட்டர் உயரம், 54 மீட்டர் அகலம். சரிவில் இருப்பவை சூரியனைத் தொடர்ந்து திரும்பி ஒளியை அதன்மேல் தள்ளும். அது எல்லாவற்றையும் ஒரு சமையல் பாத்திர அளவு இடத்தில் குவிக்கும். அங்கே 3,000 டிகிரிக்கு மேல் சூடு. இரும்பு மெழுகு மாதிரி உருகும். எனக்கு மறக்க முடியாதது வேறு ஒன்று. அந்தக் குழிக் கண்ணாடியில் எதிர்மலையும் வீடுகளும் தலைகீழாகத் தெரிந்தன. என் பேரன் தலையைக் கவிழ்த்துப் பார்த்து, "தாத்தா, இப்ப சரியா இருக்கு" என்றான்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் தர்காசோன் கிராமத்தில் சுமார் நூறு மீட்டர் உயரமான ஒரு கோபுரம் நிற்கிறது. இதுதான் ஆடம்ஸ் வழி: 201 கண்ணாடிகள் தரையில், இலக்கு கோபுரத்து உச்சியில். எண்ணெய் விலை 1973-இல் ஏறியபோது எடுத்த முடிவு. 1983-இல் ஓட ஆரம்பித்தது. பெயர் தெமிஸ். இரண்டு மெகாவாட்டுக்குச் சற்று அதிகம். இதில் ஒரு புது விஷயம் உண்டு. கோபுரத்து உச்சியில் தண்ணீரைச் சூடாக்கவில்லை, உப்பைச் சூடாக்கினார்கள். சாப்பாட்டு உப்பு அல்ல. வெடியுப்பும் அதன் உறவுக்கார உப்புகளும் கலந்தது. உருகினால் தண்ணீர் மாதிரி ஓடும், சுமார் 450 டிகிரிச் சூட்டைத் தாங்கும். அந்தச் சூடான உப்பைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டால், சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகும் சில மணி நேரம் நீராவி எடுக்கலாம். 'ராத்திரி என்ன செய்வாய்?' என்று மூஷோவைக் கேட்ட கேள்விக்கு நூறு வருஷம் கழித்துப் பதில்.

சிக்கல்களும் இருந்தன. உப்பு குளிர்ந்தால் குழாய்க்குள் கல்லாகிவிடும். பனிமலையில் குழாய்களை மின்சாரம் செலவழித்துச் சூடாக வைக்க வேண்டியிருந்தது. அதற்குள் எண்ணெய் விலை விழுந்தது. பிரான்சில் அணுமின் நிலையங்கள் தேவைக்குக் கொட்டின. 1986-இல் தெமிஸை மூடினார்கள். மறுபடியும் அதே நோட். நான் அந்த விடுதி ஃபைலை மூடியதும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான் என்பதைக் கோபுரத்தடியில் நின்று கணக்குப் போட்டேன், மகளிடம் சொல்லவில்லை. பிறகு வெகு காலம் வானியல் ஆய்வாளர்கள் அந்தக் கண்ணாடிகளை ராத்திரியில் பயன்படுத்தினார்கள். உப்பு யோசனை மட்டும் சாகவில்லை. ஸ்பெயினில் செவில் பக்கத்தில் 2011-இல் திறந்த கெமாசோலார் கோபுரம் பதினைந்து மணி நேரத்துக்கு உப்பில் சூட்டைச் சேமிக்கிறது. அல்ஜீரியாவுக்கு அடுத்த மொரோக்கோவில், வர்சாசாத் பாலைவனத்தில், 2016-இல் 160 மெகாவாட் நிலையம் வந்தது. கோன்ஸ்தாந்தீனில் வாளியால் அளந்த வெயிலின் அக்கம்பக்கத்து வெயில்தான்.

என் மாடியில் இருப்பது இந்தக் குடும்பமே அல்ல. அது வேறு வம்சம், இன்னும் பழையது. 1839-இல் எத்மோன் பெக்கெரெல் என்ற 19 வயதுப் பையன், தன் அப்பாவின் ஆய்வுக்கூடத்தில், திரவத்தில் தோய்ந்த உலோகத் தகட்டின்மேல் ஒளி பட்டால் மின்சாரம் ஓடுவதைக் கண்டான். சூடும் இல்லை, நீராவியும் இல்லை. ஒளி நேராக மின்சாரமாகிறது. அதை உருப்படியான தகடாக்க 1954 வரை ஆயிற்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கானில் செய்தது, விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரமானது. முதலில் செயற்கைக்கோளுக்குத்தான் போயிற்று. வேறு யாருக்கும் கட்டுப்படி ஆகாது! ஒளி பட்டதும் சிலிக்கானில் எலெக்ட்ரான்கள் கிளம்பி ஒரே திசையில் ஓடுகின்றன. சுவரிலுள்ள பெட்டி அதை வீட்டு மின்சாரமாக மாற்றுகிறது. கண்ணாடி வகைக்கு நேர் வெயில் வேண்டும், மெல்லிய மேகம் வந்தாலே படுத்துவிடும். தகடு மங்கல் வெளிச்சத்திலும் கொஞ்சம் கொடுக்கும். சுற்றும் பாகம் எதுவும் இல்லை. விலையோ விழுந்துகொண்டே வந்தது. அதனால்தான் 2016-இல் நம் ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட்டுக்குத் தகடுகளாகவே பரப்பினார்கள். இன்று கண்ணாடிக்காரர்களைக் கட்டுப்படி ஆகாது என்று சொல்ல வைப்பது நிலக்கரி அல்ல, இந்தத் தகடுதான். ராத்திரிக்குச் சூட்டைச் சேமிக்கும் ஒரு குணத்தை வைத்துக்கொண்டு அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு வேலையாக ஆரோவில் போனேன். அங்கே சூரியச் சமையலறையின் கூரைமேல் 15 மீட்டர் அகலத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இதில் கிண்ணம் அசையாது. நடுவில் தொங்கும் கொதிகலன்தான் சூரியனுக்கேற்ப நகரும். அந்த நீராவியில்தான் கீழே சோறு வேகிறது. மூஷோவின் கூம்பைத் திருப்பிப் போட்ட மாதிரி. மேகம் வந்தால் டீசல் கொதிகலன் ஒன்று துணைக்கு இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சமையல்கட்டை எட்டிப் பார்த்தேன். பெரிய பெரிய பாத்திரங்கள், புகை இல்லை. அங்கிருந்த பெண்ணிடம், "மேகமூட்டமான நாள்ல டீசல் எவ்வளவும்மா ஆகும்?" என்று கேட்டேன், கேட்டுக்கொண்டே சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன்.

"கணக்கு எழுதப் போறீங்களா ஐயா?" என்று சிரித்தார்.

பேனாவை உள்ளே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.